சாமி தடவிய கோடு

"என் முகத்தை நல்லாப் பாத்துக்குங்க. இனிமே எங்கே பாக்கப் போறீங்க?" என்று மூக்கைச் சிந்தினாள் மனைவி.

பூட்டுக்காரர் பையில் அரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பெரிய குருவைத் தவிர வேறு யார் கோயில் உள்ளறையைப் பார்த்தாலும் கண் அவிந்துபோகும் என்பது அந்த ஊர் அறிந்த சட்டம். காலையில் சாமியோடு பேசப் போய், வழக்கம்போல உள்பக்கம் பூட்டிக்கொண்ட பெரிய குரு, பூட்டு இறுகி மாட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு போனாப் போகட்டும்யா, எவ்வளவு புண்ணியம்!" என்று விரட்டினார் சின்ன குரு. "சாமி உன் குடும்பத்தைக் கைவிடாது."

"மூணு தடவை கேட்டும் என் பொண்ணு கல்யாணத்துக்குச் சம்மதிக்காத அதே சாமிதானே?" என்றார் பூட்டுக்காரர்.

"அது பெரிய குருகிட்ட மட்டும்தான் பேசும். தினம் மூணு மணி நேரம் பேசிட்டு வரப்போ அவர் கன்னத்துல கோடு கோடா இருக்குமே, பாத்ததில்லை? சாமி தடவின கோடு!"

ஒருவன் குருடாவதைப் பார்க்க வெளிவாசலில் ஊரே திரண்டிருந்தது. யாரோ முன்யோசனையாக ஒரு ஊன்றுகோலும் கொண்டுவந்திருந்தார்கள்.

பூட்டுக்காரர் தனியாக நடைவழியைத் தாண்டி, கதவடியில் உட்கார்ந்தார்.

"சீக்கிரம்டா, பசிக்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "திறந்ததும் எட்டிப் பாக்காம ஓடிடு!"

பூட்டு 'களக்' என்றது. அவர் ஓடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சாமி இல்லை. ஒரு கட்டில், கொசுவலை, இரண்டு தலையணைகள். கன்னம் நிறையக் கோடுகளோடு பெரிய குரு.

"சாமி... கண்ணுக்குத் தெரியாதுடா" என்றார் அவர்.

"கட்டில் நல்லாத் தெரியுதே குருவே."

பெரிய குரு சுதாரித்துக்கொண்டார். "வெளியே போய்ச் சொல்லு, போ! உன் பேச்சை எவன் நம்புவான்?"

"நான் எதுக்குப் பேசணும்? இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நேரா நடந்து போனாப் போதாதா?"

பெரிய குருவின் கை தானாகத் தலையணையை இறுக்கிக்கொண்டது.

பூட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்தார்.

"சட்டுனு சொல்லுங்க குருவே. என் பொண்ணு கல்யாணத்துக்கு சாமி சம்மதிச்சாச்சா, இல்லை எனக்குக் கண்ணு தெரியுதா?"