எட்டாயிரம் அடியில் ஒரு மறுபேச்சு

அவன் குரல் காதில் விழுந்ததுமே அவளுக்கு மூக்கு விடைத்தது.

ரேடார் திரையில் ஒரு புள்ளி. இப்போதுதான் ஓடுபாதையை விட்டு எழும்பியிருக்கிறது. அதை ஓட்டுகிறவன் சாட்சாத் அவள் புருஷன்.

வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஹாலுக்குப் பச்சை அடிக்கலாமா என்று கேட்டாள். சரி என்றான். மஞ்சள்? சரி. ஒன்றுமே வேண்டாமா? அதற்கும் சரி. மனுஷிக்குப் பற்றிக்கொண்டு வராதா?

இங்கே அந்தப் பாச்சா பலிக்காது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் ஓர் உயரம் சொன்னால், விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். வெறும் சரி செல்லாது.

எந்த விமானத்துக்கு எந்த உயரம் கொடுத்தோம் என்று சீட்டில் எழுதி எதிரே அடுக்கியிருப்பாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எப்போதும் வாயைத் திறப்பாள்.

இன்று பார்க்கவில்லை. கோபம்.

“எட்டாயிரம் அடிக்கு ஏறவும்.” ஆங்கிலத்தில்தான் சொன்னாள். வானத்தில் அதுதான் பாஷை.

திருப்பிச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

“எட்டாயிரம்தானா? உறுதி செய்யவும்” என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் வாயைத் திறக்காத மகராசன், ஊரே கேட்க இங்கே வந்து மறுபேச்சுப் பேசுகிறான்!

“எட்டாயிரம்தான்.”

“கொச்சி விமானத்தை எட்டாயிரத்துக்கு இறங்கச் சொன்னதைக் கேட்டேன். மறுபடி பார்க்கவும்.”

பார்த்தாள்.

சீட்டில் அவளுடைய கையெழுத்துத்தான். கொச்சி விமானம், எட்டாயிரம்.

திரையில் இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் வந்துகொண்டிருந்தன.

ஐயோ.

அதில் எத்தனை பேரோ, இதில் எத்தனை பேரோ. இதில் அவன் வேறு இருக்கிறான்.

“திருத்தம். ஏழாயிரத்துக்கு மேல் ஏற வேண்டாம். தவறு என்னுடையது.”

“ஏழாயிரத்துக்கு மேல் ஏறமாட்டோம்.”

கொச்சி விமானம் அவன் தலைக்கு மேலே ஆயிரம் அடி தள்ளிச் சாவகாசமாகக் கடந்து போனது.

அப்பாடா!

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும். பாவி மனுஷன், சரி சொல்லவில்லையே! கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் சொல்லவில்லை.

மேலதிகாரி தனராஜிடம் நடந்ததைத் தானே போய்ச் சொன்னாள். அவர் முதலில் அவள் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தார். அதுதான் முறை. விசாரணை முடியும்வரை அந்த நாற்காலி அவளுக்கில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

“பைலட் யாரும்மா?”

“எங்க வீட்டுக்காரர்தான் சார்.”

“அட! அப்போ அவர் பக்கத்துலேருந்து ரிப்போர்ட் வராதுன்னு சொல்லு.”

“அதெப்படி சார் வராம இருக்கும்? எழுதலேன்னா வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்.”

தனராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார்.

சாயங்காலம் கைபேசியில் அவனிடமிருந்து செய்தி வந்தது.

‘உன் மேல ரிப்போர்ட் எழுதிட்டேன்.’

திரும்பவும் படித்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் ஏதோ நல்ல சேதி என்று நினைத்திருப்பார்கள்.

‘ராத்திரிக்கு மீன் வாங்கட்டுமா?’ என்று அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கும் சரிதான் வருமோ?

பதில் வந்தது.

‘வேண்டாம். கோழி.’