குளத்தை மூடக் கை தூக்கியவர்கள்

ராக்கம்மா இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான்," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கந்தையா.

"இன்னொண்ணு எம் மவளுக்கு, ஐயா. அவளுக்காகத்தான் லா இந்தக் கொளத்தயே மூடச் சொல்றேன்."

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூடியிருந்த தோட்டமே சிரித்தது. சிரம்பானிலிருந்து வந்திருந்த மலாய் அதிகாரிக்குக் கிராணி அதை மலாயில் சொல்ல, அவரும் சிரித்தார்.

செம்பனை எண்ணெய் ஆலை கழிவுத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டுப் பிடிபட்டிருந்தது. கோர்ட்டு வரை இழுக்காமல் சமரசமாகப் போக, கம்பெனி ஒரு தொகை கட்ட ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று, நாற்றத்தில் குடியிருப்பவர்களையே கேட்க வந்திருந்தார் அதிகாரி.

தோட்டத்து ஜனங்களை அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால் முதலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்த பிறகு மூடவில்லை. பந்துத் திடல் என்றார்கள். கோயிலுக்குப் புதுத் தகரம் என்றார்கள்.

கடைசியில் ராக்கம்மாவின் தொண்டைதான் ஜெயித்தது. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கிடக்கும் கழிவுக் குளத்தை மூட வேண்டும். ஆலைக்குள்ளேயே மெஷின் வைத்துக் கழிவைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அவள் கத்தியதற்குக் காரணம் இருந்தது. மகள் முத்துலெட்சுமியைப் பெண் பார்க்க மந்தினிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். கோலா பிலாக்காரர்கள் பாயில்கூட உட்காரவில்லை. வயசு ஏறிக்கொண்டே போகும் பெண்ணை நாற்றத்துக்குள் வைத்துக்கொண்டு எந்தத் தாய்க்குச் சோறு இறங்கும்?

"பிள்ளை தன்ர கையைத் தானே உயர்த்தட்டும்," என்றார் கிராணி.

ராக்கம்மா திரும்பினாள்.

பெண்கள் பக்கம் முழுக்கக் கைகள். நடுவில் முத்துலெட்சுமி மட்டும் இரண்டு கைகளையும் மடிக்குள் பூட்டிவைத்திருந்தாள்.

ராக்கம்மா கண்ணால் அதட்டினாள். மகள் இவளைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்கு அப்பால், பால் வெட்டும் கித்தா மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அர்ச்சுனன்.

கழிவுக் குளத்தில் நுரை வழித்து, சேறு வாரி, மதகு பார்க்கிறவன். எத்தனை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது என்று அவனாகவே எல்லோரையும் விட்டு எட்டி நிற்பான். குளம் போனால் அவன் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். இது ராக்கம்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவன் கை உயர்ந்திருந்தது.

முத்துலெட்சுமி அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். இறக்கு என்பதுபோல.

அவன் இறக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

மந்தின்காரர்கள் வந்த அன்றைக்கு, குளத்துப் பக்கத்து ஜன்னலை ராக்கம்மா தன் கையாலேயே சாத்தியிருந்தாள். அவர்கள் வந்து உட்கார்ந்தபோது அது விரியத் திறந்து கிடந்தது. கோலா பிலாக்காரர்கள் வந்தபோதும் அப்படித்தான். இரண்டு தடவையும் ராக்கம்மா காற்றைத் திட்டினாள்.

அந்த ஜன்னலுக்குக் கொக்கி உண்டு. காற்றுக்குக் கொக்கி எடுக்கத் தெரியாது.

திருட்டுக் கழுதை, எம் மவ.

கோபம் வரவேண்டிய நேரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கடித்து விழுங்கினாள். தன் சோற்றுக்கு எதிராகத் தானே கை தூக்கி நிற்கிறவனை மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை தலை முதல் கால் வரை, பார்த்தாள். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தான். பரவாயில்லை, ஆக்கிப் போட்டால் தேறிவிடுவான்.

அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"இருங்க ஐயா," என்றாள் கிராணியிடம். "அந்த ஆபீசர் துவான்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. கொளத்த மூடட்டும். ஆனா புது மெஷினு தானா ஓடாதுல்ல? அத பாத்துக்குற வேலைய அர்ச்சுனனுக்கே குடுக்கணும். அப்பத்தான் எங்க கையெல்லாம் செல்லும்."

கிராணி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஏன், அவன் உனக்குச் சொந்தமோ?"

"இனிமேத்தான்," என்றாள் ராக்கம்மா.