தெருவிளக்கும் பால்வீதியும்

"உண்மையைச் சொல்லிடு சர்வோத்தோ! தெருவிளக்கை அணைக்கிறது நீதானே?"

தெருத்தலைவர் மர்கோனோ வாசலில் நின்று போட்ட சத்தத்தில் சலாதிகா ஊரின் அந்தச் சின்னச் சந்தே கூடிவிட்டது. முடிதிருத்தும் கடையைச் சாத்திவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த சர்வோத்தோ, கையில் தட்டோடு எழுந்து வந்தார்.

"சத்தியமா நான் இல்ல, தலைவரே!"

"வேற யாரு? ஒரு வாரமா ராத்திரித் தொழுகை முடிஞ்சு வீடு திரும்பினதும் பொசுக்குனு அணையுது. அணைஞ்ச கையோட நீ மாடியில கேமராவும் நீயுமா நிக்கற. சந்து இருட்டானா யாருக்குய்யா லாபம்?"

சர்வோத்தோ தட்டைக் கீழே வைத்தார். லாபம் அவருக்குத்தான். மர்கோனோ பெருமையாகப் போட்ட வெள்ளை விளக்குகள் வந்த நாளிலிருந்து அவருடைய வானம் போயே போயிற்று. பழைய கேமராவை அரிசிப் பையின்மேல் சாய்த்து, கொஞ்ச நேரம் அதன் கண்ணைத் திறந்து வைத்தால், பால்வீதி விழ வேண்டிய இடத்தில் பால்பவுடரைக் கொட்டின மாதிரி ஒரே வெளுப்பு. இந்த ஒரு வாரமாகத்தான் விருச்சிகம் தலையிலிருந்து கொடுக்கு வரை முழுசாகப் படத்தில் விழுந்தது. யார் செய்த புண்ணியமோ என்று அனுபவித்தாரே தவிர, யார் என்று விசாரிக்கப் போகவில்லை.

"நேத்து என் கடையில இருட்டுல ஒருத்தர் கறியை விட்டுட்டுக் குச்சியைக் கடிச்சிட்டார்!" என்றாள், கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் தர்மியக்கா.

அப்போது உள்ளேயிருந்து சர்வோத்தோவின் மனைவி லஸ்த்ரி வந்தாள். அவருக்கு உயிர் வந்தது. அவள் வாயைத் திறந்ததும் போயிற்று.

"இவரேதான் தலைவரே! கட்டின பொண்டாட்டி மூஞ்சியை ஒரு நாளாவது இப்படி உத்துப் பார்த்திருப்பாரா? வானத்தையே பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கிட்டு வந்தா, தைலம் தேய்க்க மட்டும் நான்!"

"ஏய், உனக்கே இது நல்லாருக்கா?"

"நீங்க சும்மா இருங்க. தலைவரே, இன்னைக்கு இவரை உங்க பக்கத்துலயே உட்கார வச்சுக்கங்க. விளக்கு அணையாம எரிஞ்சா, இத்தனை நாளா அணைச்சது இவர்தான். அந்தக் கேமராவைத் தூக்கிட்டுப் போய் ஊர்மன்றத்துல வச்சுப் பூட்டிடுங்க. எனக்கும் நிம்மதி."

யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

"இந்த மானக்கேட்டை என்னால பார்க்க முடியாது. எனக்குப் பாத்திரம் கிடக்கு" என்று முக்காட்டை இழுத்துவிட்டபடி லஸ்த்ரி உள்ளே போய்விட்டாள்.

தொழுகை முடிந்து மர்கோனோ வீட்டு முற்றத்தில் பாய் விரித்தார்கள். இஞ்சித் தண்ணீர் வந்தது. மர்கோனோ ஒரு கையால் கோப்பையையும் மறு கையால் சர்வோத்தோவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். விளக்குகள் பளீரென்று எரிந்தன.

"இன்னைக்கு அணையலையே?" என்றார் மர்கோனோ, நமட்டுச் சிரிப்போடு.

சர்வோத்தோ தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார். கேமரா போனால் ராத்திரியெல்லாம் என்ன செய்வது? கட்டினவளே காட்டிக் கொடுத்துவிட்டாளே! 'ஆண்டவா, இன்னைக்கு ஒரு நாள் அணைச்சுக் கொடு' என்று மனசுக்குள் கெஞ்சினார்.

பொசுக்!

சந்து முழுக்கக் கும்மிருட்டு.

"ஐயோ! அவன் கையைப் பிடிங்கய்யா!" மர்கோனோ அலறினார்.

"என் கை உங்க கையிலதான் இருக்கு, தலைவரே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மர்கோனோ மெல்லக் கையை விட்டார். "அப்ப... யாரு?"

"சுவிட்ச் இருக்கிறது காவல்கொட்டாய்க்குப் பின்னால, பலாமரத்தடியில" என்றாள் தர்மியக்கா, குரலைத் தாழ்த்தி. "அங்க ஒரு கறுப்பு உருவம் நிக்குதுன்னு எங்க வீட்டுக்காரர் அப்பவே சொன்னார்."

எல்லோரும் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"அது... காலையில பார்த்துக்கலாம்" என்றார் மர்கோனோ. "விளக்கு பாட்டுக்கு அணைஞ்சே கிடக்கட்டும். ராத்திரியில ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. தம்பி சர்வோத்தோ, மனசுல எதையும் வச்சுக்காதே!"

சர்வோத்தோ வீட்டுக்கு ஓடினார். லஸ்த்ரியை நாலு வார்த்தை கேட்டே தீர வேண்டும். ஆனால் தலைக்கு மேலே பால்வீதி சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிடந்தது. சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டிரண்டு படியாக மாடிக்குத் தாவினார்.

அங்கே அரிசிப் பைமேல் கேமரா ஏற்கெனவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் குந்தியிருந்த லஸ்த்ரி, உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்... அங்கேயே நில்லுங்க, படம் ஆடிடும்! சுவிட்சை அணைச்சுட்டு ஓடி வந்து, இப்பதான் எடுக்க ஆரம்பிச்சிருக்கேன்."