நின்ற இடத்திலிருந்து

காதுக்குப் பின்னால் மழித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். வேறு யாருடைய தலையையோ தொடுவது போல இருந்தது.

பத்து மணிக்கு ஆபரேஷன். முன்னால் ஒரு கேஸ் நடந்துகொண்டிருந்தது. இன்னும் அரை மணி ஆகும் என்று நர்ஸ் சைகையில் சொன்னாள்.

"சரிம்மா," என்றார். காது கேளாதவர்களின் உரத்த குரல்.

"தாத்தா ரகசியம் சொன்னாக்கூட வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்குக் கேட்டுரும்," என்று அவர் மனைவி வடிவிடம் சொல்லிச் சிரித்தாள் நர்ஸ்.

வடிவு சிரிக்கவில்லை. கைத்தடியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு நோட்டை எடுத்தாள். மூன்று வருடமாக அவள் பேச்செல்லாம் அந்த நோட்டில்தான்.

'இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம்.'

அவர் படித்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் பாட்டெல்லாம் அலுத்துட்டு வடிவு."

பொய்.

பெண் பார்க்க வந்த அன்று, அடுத்த தெருக் கல்யாண வீட்டு நாதஸ்வரம் நிற்கும்வரை இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊமை என்று அவளுடைய அப்பா பயந்தே போனார்.

மின்வாரியத்தில் வேலை. கம்பத்தில் ஏறினால் தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி காதில் விழும். பாட்டு முடிந்த பிறகுதான் இறங்குவார். கீழே நிற்பவர்கள் ஏதோ பெரிய பழுது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் காதிலிருந்து சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

முதலில் குக்கர் விசில். பிறகு வடிவின் குரல். பிறகு வயலின்.

வலது காது முழுதாகப் பட்டுப்போனது. இடது காதில் கொஞ்சம் மிஞ்சியது. கனத்த ஆண் குரல் கேட்கும். மிருதங்கத்தில் இடது பக்கத்துக் கனத்த அடி கேட்கும். வலது பக்கத்து அடிகளை மனசுக்குள் அவரே போட்டுக்கொள்வார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முகம் மலர்ந்து கிடக்கும்.

இது போதும் என்றுதான் இருந்தார். தை மாதத்தில் ஒரு காலை வரை.

அன்று வடிவு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. எழ முடியவில்லை. கூப்பிட்டாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் அவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

முக்கால் மணி நேரம் கூப்பிட்டாள்.

அடுத்த வீட்டுப் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கியபோது, அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று கழற்றியதுதான். ஹெட்போனை அதன்பின் அவர் தொடவில்லை.

வலது காதில் நரம்பே செத்துவிட்டது, இடது காதுக்குள் கருவி பதித்தால் பேச்சு கேட்கும், கூப்பிட்டால் கேட்கும் என்றார் டாக்டர். ஒன்றையும் ஒளிக்கவில்லை. மிஞ்சியிருப்பது போய்விடலாம். கருவி வழியாக வருகிற பாட்டு, பாட்டாக இருக்காது. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியே காட்டினார்.

அந்தத் தாளின் அடியிலேயே 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் அவர்.

எனக்காக வேண்டாம் என்று வடிவு எத்தனையோ பக்கங்கள் எழுதிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். பாட்டு அலுத்துவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

இப்போது பையிலிருந்து ஹெட்போனை எடுத்தாள்.

அவர் முகம் மாறியது. அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கடிந்துகொண்டார். அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

வடிவு எழுதினாள். 'டாக்டர்தான் கொண்டுவரச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் காதைச் சோதிக்க வேண்டுமாம்.'

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். டாக்டருக்காகத்தான் மாட்டுகிறேன் என்பது போல.

வடிவுக்கு ராகம் தெரியாது. தாளம் தெரியாது. செல்போனில் மேலே இருந்ததை அழுத்தினாள்.

எட்டு மாதத்துக்கு முன் நின்ற இடத்திலிருந்து அது தொடங்கியது.

பாடகர் ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கிற கட்டம்.

எந்தக் காலை, எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கை தன்னையறியாமல் ஹெட்போனைக் கழற்றப் போனது. பாதியில் நின்றது. மெல்ல மடியில் இறங்கியது.

கண்ணை மூடிக்கொண்டார்.

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

தள்ளுவண்டிதான் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே.

நர்ஸ் ஹெட்போனைக் கழற்றி வடிவிடம் கொடுத்தாள். இரண்டு பேர் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். பச்சைத் துணி போர்த்தினார்கள். நீண்ட நடைபாதையில் வண்டி உருண்டது. வடிவு தடியை ஊன்றிக் கூடவே விந்தி விந்தி நடந்தாள்.

துணிக்கு மேலே அவருடைய வலது கை அசைந்தது.

தொடையில் தாளத்தின் ஒரு தட்டு.

சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல்.

மறுபடி ஒரு தட்டு. உள்ளங்கை மேலே திரும்பியது.

கண்கள் மூடியே இருந்தன.

"கையில ஊசி போட்டிருக்கு, ஆட்டக் கூடாது," என்றாள் நர்ஸ். "ஆச்சி, அந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க."

வடிவு கையை நீட்டினாள். அந்த விரல்களுக்கு மேலே, தொடாமல், சற்று நேரம் வைத்திருந்தாள்.

பிறகு எடுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அறையின் கதவு தெரிந்தது. இன்னும் இருபதடி இருக்கும்.

வடிவு வண்டியின் கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"மெதுவாத் தள்ளுங்கம்மா," என்றாள். "எனக்கு இடுப்பு வலிக்கு."