கருமாதி வடை

நெஞ்சில் கை வைத்ததுதான் தப்பு.

உடனே பார்த்துவிட்டார்கள்.

"பாருங்கடி, தம்பி பொண்டாட்டிக்கு நெஞ்சை அடைக்குது."

அடைக்கவில்லை. எரிந்தது.

தொப்புளுக்கு மேலே கிளம்பி, நெஞ்சுக்குழி வழியாகத் தொண்டை வரைக்கும் வந்து, புளித்துத் திரும்பியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

செத்தவன் அவள் புருஷனுக்கு அண்ணன்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில், அவள் வைத்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். எழுந்து போய் வாசலில் படுத்திருந்த நாய்க்குச் சட்டியோடு ஊற்றினான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை. திட்டுவதற்குக்கூட இவள் ஒரு ஆளா என்று நினைத்திருப்பான்.

நாய் நக்கிக் குடித்தது. அது நல்ல நாய்.

அதோடு தனிக்குடித்தனம் போனவள்தான். அப்புறம் இந்த வீட்டில் கை நனைத்ததில்லை.

இன்றைக்கு அவனைத்தான் மகராசன் என்கிறார்கள். பதினாறு நாளில் குணம் மாறிவிட்டது.

பந்தியில் வடையைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். முந்தின நாள் எண்ணெயில் சுட்ட வடை. பிழிந்தால் விளக்கு ஏற்றலாம். வேண்டாம் என்று கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அவன் செலவில் ஒரு பிடி பிடித்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தாள். போதாததற்கு மேலே ஒரு காப்பியும் குடித்தாள்.

அவனுக்காக ஒரு சொட்டு விடுவதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

இப்போது கன்னத்தில் இரண்டு கோடு.

நாத்தனார் முத்துப்பேச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். செத்தவனுக்குக் கூடப்பிறந்தவள். கூடத்தில் கூடியிருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி குரலை ஏற்றினாள்.

"வாழ வந்த தம்பி பொண்டாட்டி இந்தா அழுகுறா. கட்டுனவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா. எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு இனிமேத்தான் விசாரிக்கணும்."

தலைகள் மூலைப் பக்கம் திரும்பின.

மூலையில் காசியம்மா. அவன் பெண்டாட்டி. பொட்டை அழித்தபோதும் அழவில்லை, வளையலை உடைத்தபோதும் அழவில்லை. அழ வேண்டியதை எல்லாம் அவன் இருக்கும்போதே அழுது தீர்த்தவள்.

அது இவர்களுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டுதானே இருந்தார்கள். ஒருத்தி வந்து கதவைத் தட்டியது உண்டா?

அழுகை போதவில்லை என்று கேட்க மட்டும் வந்துவிட்டார்கள். வடை தின்ற வாயைத் துடைக்கக்கூட இல்லை.

அவள் எழுந்து மூலைக்குப் போனாள். கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, முதுகை நிமிர்த்தி, காசியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நிமிர்ந்திருந்தால் எரிச்சல் கீழே நிற்கும். குனிந்தால் ஏறும். சந்தேகம் இருந்தால் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒருநாள் குனிந்து பாருங்கள், கண்ணுகளா.

காசியம்மா அவள் கன்னத்தைப் பார்த்தாள். அந்த ஈரத்தையே பார்த்தாள்.

நீயுமா?

கேட்கவில்லை. கேட்ட மாதிரிதான் இருந்தது. நெஞ்சில் எரிந்ததைவிட அதுதான் தாங்கவில்லை.

அவள் காசியம்மாவின் காதோரம் சாய்ந்தாள்.

"அக்கா, வடை எதுக்களிக்குது. உன் புருஷனுக்கெல்லாம் நான் அழுவேனா?"

காசியம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியது.

முந்தானையை அள்ளி முகத்தில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அழுகிறவர்களுக்கு அப்படிச் சத்தம் வராது.

முத்துப்பேச்சி கழுத்தை நீட்டினாள்.

தம்பி பொண்டாட்டி யோசிக்கவில்லை. காசியம்மாவின் தலையை இழுத்துத் தன் மடியில் கவிழ்த்தாள். மேலே தான் கவிழ்ந்தாள். இரண்டு கையாலும் சுற்றி மூடினாள்.

"ஐயோ, எங்கக்கா!"

அது ஊருக்கு.

வயிறு மடிந்தது. புளித்ததெல்லாம் ஒரே மூச்சில் தொண்டைக்கு ஏறியது. காது மடல் வரைக்கும் எரிந்தது.

பின்னால் பெண்கள் மூச்சு விட்டார்கள்.

"அப்பாடா. அழுதுட்டா."

"பாவம், எத்தனை நாளா அடக்கி வச்சிருந்தாளோ."

யாரோ வெற்றிலைத் தட்டை நகர்த்தச் சொன்னார்கள். முத்துப்பேச்சியும் ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினாள்.

மடியில் காசியம்மா குலுங்கினாள். ஓய்ந்த மாதிரி இருக்கும். வடை நினைப்பு வந்துவிடும் போல. மறுபடியும் குலுங்குவாள்.

ஒரு வாய் தண்ணீர் கிடைத்தால் தேவலை. அதுகூட வேண்டாம். நிமிர்ந்தாலே போதும், இறங்கிவிடும்.

அவள் நிமிரவில்லை.