கடைசிக் கதிரையில் தூக்கம்

றம்லத் ராத்தா இன்றைக்கும் தூங்கிவிட்டார்.

கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது அந்தச் சிறுதொழில் வகுப்பு. மொத்தம் பன்னிரண்டு கிழமை. வகுப்பில் எல்லோருக்கும் அக்காவான றம்லத் ராத்தா வந்து சேர்ந்ததே நாலாவது கிழமைதான். வருவார், கடைசிக் கதிரையில் உட்காருவார், முக்காட்டைச் சரிசெய்வார். பாடம் எடுக்கும் கிஷான் சேர் பலகையில் திகதி எழுதி முடிப்பதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிடும்.

"ராத்தா, எழுதுற கொப்பி எங்க?" என்று போன் திருத்தும் அர்கம் சீண்டினான்.

"ஊட்ட ஈக்கிது தம்பி" என்றார் ராத்தா, கண்ணைத் திறக்காமலே.

வீட்டில் இருக்கிறதாம்! வகுப்பு சிரித்தது. நிரோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை.

ராத்தாவுக்கென்ன, கையில் தொழில் இருக்கிறது. நாலைந்து கடைகளுக்கு இடியப்பம் போடுகிறார். வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று.

நிரோஷினியின் கதை அப்படியா? மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். வீட்டில் முதல் பட்டதாரி. 'கவர்மென்ட் வேலை வரும், பொறு' என்று அப்பா சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போய்விட்டது. ட்யூஷன் கொடுத்துச் சேர்த்ததையெல்லாம் வீட்டுக்குச் சொல்லாமல் இந்த வகுப்புக்குக் கட்டிவிட்டாள். இதிலும் ஒன்றும் ஆகாவிட்டால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது?

"அடுத்தது நிரோஷினி. உங்க திட்டத்தச் சொல்லுங்க" என்றார் கிஷான் சேர். அவளைவிட இரண்டே வயது மூத்தவர்.

எழுந்தாள். கையிலிருந்த தாளை விரித்தாள். முதல் இரண்டு வரியை வாசித்தாள். பிறகு தாளைப் பார்க்கத் தோன்றவில்லை.

"எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால ஒரு பழைய கொட்டில் இருக்கு. உள்ள எப்பவும் இருட்டு. எப்பவும் குளிர். காளானுக்கு அதுதான் வேணும்..."

பேசப் பேச அந்தக் கொட்டிலுக்குள்ளேயே போய்விட்டாள். கயிற்றில் வரிசையாகத் தொங்குகின்றன மரத்தூள் பொதிகள். நனைத்த சாக்கிலிருந்து நீர் சொட்டுகிறது. நேற்று ஒன்றுமில்லாத துளைகளில் இன்றைக்கு வெள்ளை வெள்ளையாக, குழந்தையின் காதுமடல் போல, காளான்கள் எட்டிப் பார்க்கின்றன. வெளியே பனி. பனிக்குள் முதல் பஸ் வந்து நிற்கிறது. கண்டிக் குளத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில் இவளுக்காகக் கதவு திறக்கிறது. அம்மா இன்றைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மெல்ல மெல்லக் காளானைப் பைகளில் போட்டுப் பக்கெட் கட்டுகிறாள்...

"கொர்ர்ர்ர்!"

கடைசிக் கதிரை.

"ஆ! காளான் முளைக்கிற சத்தம்!" என்றான் அர்கம்.

வகுப்பே குலுங்கியது. கொட்டிலும் பனியும் அம்மாவும் எங்கேயோ போய்விட்டார்கள். மிச்சத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "அவ்வளவுதான் சேர்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அவள் தோளைத் தட்டினார்.

"நல்லா பேசினீங்க மகள்."

தூக்கத்திலேயே கேட்டாராம்! நிரோஷினிக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் இறங்கிப் போகும்வரை நின்றாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சேர், கோள் சொல்றேன்னு நினைக்காதீங்க. றம்லத் ராத்தாவ நிப்பாட்டிருங்க. படிக்க வாறவங்களுக்குத்தானே கிளாஸ்? தூங்குறதுக்கு அவங்களுக்கு வீடு இருக்கு. எனக்கு இத விட்டா வேற ஒண்ணும் இல்ல சேர்."

பலகையை அழித்துக்கொண்டிருந்த கிஷான் சேரின் கை நின்றது.

"அவங்கள நிப்பாட்டினா, அடுத்த சனிக்கிழமை நீங்களும் வரத் தேவையில்ல."

"ஏன் சேர்? அவங்க அவ்வளவு பெரிய ஆளா?"

"பத்துப் பேர் இல்லாட்டிக் கிளாஸ் நடத்த ஏலாது. ஹெட் ஒபிஸ் சட்டம். ரிஸ்னா கல்யாணமாகி கம்பளைக்குப் போனாங்கதானே? அதோட ஒன்பது பேர் ஆயிட்டீங்க. 'வகுப்பு ரத்து'ன்னு எழுதி, கீழ கதவுல ஒட்டிக்கிட்டு நின்னேன். ராத்தா அப்பதான் கடைக்கு இடியப்பம் கொண்டு வந்தாங்க. நின்னு வாசிச்சாங்க. கையோட அதக் கிழிச்சாங்க. 'பத்தாவதா எண்ட பேரப் போடுங்க'ன்னுட்டாங்க."

நிரோஷினி கடைசிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கே எழும்பி மா பிழியிற மனுசி. கிழமையில ஒரு நாள், இந்த நேரம் மட்டுந்தான் அவங்களுக்கு வீட்ல நிம்மதியாத் தூங்கக் கிடைக்கிறது. அதத்தான் இங்க கொண்டு வந்து தூங்குறாங்க."

"எதுக்கு சேர்? யாருக்காக?"

கிஷான் சேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஒரு புள்ள வெள்ளனயே வந்து இந்தப் படியில நிண்டு, சுவரோட பேசிப் பேசிப் பழகுது. நான் இடியப்பம் எறக்கக்குள்ள எல்லாம் கேட்டிருக்கேன். அந்தக் காளான் கதைய அது மனுசருக்கு முன்னால சொல்லி முடிக்கும் மட்டும் இத மூடிராதீங்க சேர்'னு சொன்னாங்க."