மாலை போடச் சொன்ன டாக்டர்

“இந்தக் கார்த்திகைக்கும் சபரிமலைக்கு மாலை போட்டுருங்க” என்றாள் சுகந்தி.

பாலகணேஷுக்குப் பகீரென்றது. நாகமலைப் பக்கமிருந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. இந்தக் குளிருக்குக் காரசாரமாக நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்திருந்தார்.

“போன வருசந்தான போயிட்டு வந்தேன்?”

“அப்ப எம்புட்டு நல்லாருந்துச்சு! விரதம் முடியிற வரைக்கும் அரிப்பு இல்ல, சொறி இல்ல. மாலையக் கழட்டிட்டுக் கோழி எடுத்தீக, மறுநாளே ஆரம்பிச்சிருச்சு. கோழிதான் அலர்ஜி, பனிக்காலத்துல இன்னும் படுத்தும்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டாரு.”

பாலகணேஷின் கை தானாகக் கழுத்தைச் சொறிந்தது. மனைவிக்குத் தன் மேல் இவ்வளவு அக்கறையா என்று கண்கூடக் கலங்கியது.

“எனக்கு லேசாத்தானம்மா அரிக்குது. இதுக்குப் போயி டாக்டரையா பாத்த? எந்த டாக்டர்?”

“மாட்டாஸ்பத்திரி டாக்டர்.”

நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த டைகர், பின்னங்காலால் காதைப் பரபரவென்று சொறிந்தது.

“சாப்பிடுறப்ப இவன் மூஞ்சியப் பாத்ததும் பாதிக் கோழிய அள்ளிப் போட்டுர்றீக. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். நீங்க சாமியானாத்தான் இவன் சொறியாம இருப்பான்!”